கணக்குக் காட்டிய இதழ்

உத்திரமேரூர்

அன்புள்ள தம்பிக்கு,

"பலிக்காத ஆராய்ச்சியை எதற்கு ஐயா அச்சடிக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

முதலில் அப்படி அச்சடித்த இதழைப் பற்றிச் சொல்கிறேன். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' 1913 ஜூலையில் காலாண்டிதழாக வந்தது. 1911-ல் தொடங்கிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நடத்தியது. அந்தச் சங்கம்தான் 1949-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஆனது. 1964 முதல் மாத இதழ். மலேரியா, காலரா, பிளேக் என்று நம் மண்ணின் நோயெல்லாம் அதில் உண்டு. குன்னூரில் ஆராய்ச்சியாளர் மக்காரிசன் செய்த சோதனையை அதில்தான் படித்தேன். தீட்டிய அரிசி மட்டுமே தின்ற புறாக்கள் கால் துவண்டு, தலை பின்னால் மடங்கி விழுந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கைக்குத்தல் அரிசிதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1968-ல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று சோதித்தார்கள். வீடு வீடாகப் பதிந்தவர்கள் 3,66,625 பேர்; ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் நீர்மம். எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ச் சளி வாங்கிப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. முதல் முடிவை 1980-ல் தனி இணைப்பாகவும், 15 ஆண்டு முடிவை 1999-லும் அந்த இதழ் அப்படியே வெளியிட்டது.

இதில் எங்கே தோல்வி? கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதே! மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் ஊசியின் பலனை மறைத்தனவா என்ற விவாதம் அதன்பின் சூடுபிடித்தது. அதற்காக பி.சி.ஜி. வீண் என்று உளறாதே. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து காப்பதால்தான் பிறந்ததும் போடுகிறார்கள்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய். அங்குள்ள கல்வெட்டில், பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஊர் வாரியத்துக்கு ஆளெடுக்கும் குடவோலை முறையை மட்டும் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். கி.பி. 920 வாக்கில் வெட்டிய அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது என்றும் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் பெரிது. 2,81,161 பேர் கை நீட்டி ஊசி வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

அடுத்த முறை வரும்போது 1999-ம் ஆண்டுக் கட்டுரையை நகலெடுத்து வா. அட்டவணைகளிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்