பேட்டி தந்தவரை நடுத்தெருவில் விடாதீர்கள்

பள்ளி வாசலில் சத்துணவு பற்றிப் பேட்டி எடுக்கிறீர்கள். ஓர் அம்மா சொல்கிறார்: “சில நாள் சோறு குழைஞ்சிருது சார். ஆயா ஒத்த ஆளா எல்லாத்தையும் பாக்குது, பாவம். இன்னொரு ஆள் போட்டா நல்லாருக்கும்.”

டெஸ்க்கில் முதல் வரியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். தம்ப்நெயிலில் அவர் முகம், பக்கத்தில் ‘அரசை வெளுத்து வாங்கிய தாய்!’ இரவுக்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் எந்த ஊர், என்ன சாதி என்று தோண்டுவார்கள். மறுநாள் மதியம் அவருடைய பிள்ளை அதே ஆயாவிடம்தான் தட்டை நீட்ட வேண்டும்.

நிருபர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்க வேண்டியது, பேட்டி தந்தவரைப் பாதுகாப்பதைத்தான். அமைச்சருக்கும் நடிகருக்கும் பி.ஆர்.ஓ. இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். வசவு வாங்கியும் பழக்கம். மைக்கையே முதல்முறை பார்ப்பவருக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

எனவே கேமராவை ஆன் செய்யும் முன் சொல்லிவிடுங்கள்: “இது யூடியூபிலும் வரும்மா. உங்க முகம் தெரியும். சிலர் அசிங்கமாத் திட்டி எழுதலாம். வேலை குடுக்கிறவங்களும் பாப்பாங்க. பரவாயில்லையா?” இதற்கு அரை நிமிடம் போதும். தயங்கினால் முகத்தை மறைத்து, பெயரை மாற்றிப் போடலாம். பேட்டி கைநழுவிவிடும் என்ற பயம் வேண்டாம். விஷயம் தெரிந்து சம்மதித்தவர்தான் தெளிவாகவும் பேசுவார்.

எடுத்த காட்சியையும் ஒருமுறை பாருங்கள். தெருப் பலகை, பைக் நம்பர், பிள்ளையின் சீருடை பேட்ஜ் ஆகியவை செய்திக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் இது வெறும் நாகரிகம் அல்ல, சட்டம். போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது.

“தலைப்பு டெஸ்க் வைத்தது, எனக்குத் தெரியாது” என்று கைகழுவ முடியாது. பைலைன் உங்களுடையது. செய்தியை அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: ‘இவர் ஆயாவைக் குறை சொல்லவில்லை, கூடுதல் ஆள் கேட்கிறார், தலைப்பில் கவனம்.’

வெளியான மறுநாள் அவருக்குப் போன் செய்யுங்கள். அந்த அழைப்பில் இன்னொரு பேட்டி கேட்காதீர்கள். அடிபட்டுக் கிடப்பவரிடம் போய் “எல்லோரும் திட்டுகிறார்களே, எப்படி இருக்கிறது?” என்று மைக்கை நீட்டுவது இந்தத் தொழிலின் ஆகக் கேவலமான பழக்கம். கமென்ட் பகுதியை மூடச் சொல்லி உங்கள் அலுவலகத்தில் பேசுங்கள். மிரட்டல் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சைபர் கிரைம் போலீசுக்கு அவர் போகும்போது கூடப் போங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் விஷயத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். 1994இல் இஸ்ரோ உளவு வழக்கில் நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் கைதானார். கேரள போலீஸ் தரப்பில் கசிந்ததையெல்லாம் பத்திரிகைகள் தொடர்கதையாகவே எழுதின. நாட்டை விற்றவர் என்று ஊர் அவரை ஏசியது. 1996இல் சி.பி.ஐ. விசாரித்து, குற்றச்சாட்டு பொய் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. இடையில் ஓடியது 24 ஆண்டுகள். பணத்தைக் கொடுத்தது கேரள அரசு. கசிந்ததை அச்சிட்டவர்கள் அல்ல.

தவறு செய்தவரைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. ஆதாரம் இருந்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் ‘போலீஸ் வட்டாரம் தெரிவித்தது’ என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி ஒருவரின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். அவருடைய வக்கீலிடமோ குடும்பத்திடமோ பேசிவிட்டு எழுதுங்கள். வழக்கின் அடுத்த வாய்தா தேதியை டைரியில் குறித்து வையுங்கள். கைதை எழுதிய நிருபர்தான் விடுதலையையும் எழுத வேண்டும்.

பெண் பார்க்க வருபவரும் வேலை தருபவரும் இன்று பெயரைத் தட்டித் தேடுகிறார்கள். பழைய கைதுச் செய்திதான் முதலில் வந்து நிற்கிறது. தீர்ப்பு வந்த அன்றே அந்தப் பழைய செய்தியின் தலையில் ‘இவர் விடுவிக்கப்பட்டார்’ என்று தேதியோடு சேர்க்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். மறுத்தால் திரும்பவும் கேளுங்கள்.