தரையில் இறங்கும் விமானத்துக்குக் கொக்கி எதற்கு?



நம்ம எட்டயபுரம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, கப்பல்ல இறங்குற போர் விமானத்துக்கு வாலில் கொக்கி வேணும், சரி. தரையிலேயே இறங்குற விமானத்துக்கும் எதுக்குண்ணே கொக்கி?" பதிலில் நம் எல்லாருக்கும் பாடம் இருக்கிறது. கவனமாய் வாசியுங்கள்.

1. கப்பலில் கொக்கி அன்றாடத் தேவை. 2020 ஜனவரி 11-ம் தேதி நம் கடற்படைத் தேஜஸ் விமானம் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா கப்பலில் முதன்முதலாய் இறங்கியது. தளத்தின் குறுக்கே கிடந்த இரும்பு வடத்தைக் கொக்கி பிடித்து நிறுத்தியது. அதற்கு முன், 2019 செப்டம்பரில், கோவாவில் தரையிலேயே வடம் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள்.

2. தரையில் கொக்கி ஆபத்துக்காலத் தேவை. 1979-ல் நம் விமானப்படைக்கு வந்த ஜாகுவாருக்கும், அமெரிக்காவின் எஃப்-15, எஃப்-16 விமானங்களுக்கும் கொக்கி உண்டு. பிரேக் பிடிக்காமல் போகலாம், டயர் வெடிக்கலாம், மழையில் ஓடுபாதை வழுக்கலாம், மேலே கிளம்பும்போதே இன்ஜின் கெடலாம். பின்னால் விரியும் பாராசூட் இருக்கிறதே என்பீர்கள். வேகம் குறையக் குறைய அதன் இழுவையும் குறைந்துபோகும். கொக்கி வடத்தைப் பிடித்தாலோ, இருபக்கமும் உள்ள பிரேக் இயந்திரங்கள் வடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் விட்டுக்கொடுத்து, சுமார் 300 மீட்டரில் விமானத்தை நிறுத்திவிடும். முத்துக்குளிப்பவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார் அல்லவா? அதுபோலத்தான்.

3. கொக்கி இல்லாவிட்டால் வலை. நம் விமானத்தளங்களில் ஓடுபாதை முடிவில் நைலான் வலை வைப்பதுண்டு. அது விமானத்தை முழுசாய் வாரிப் பிடிக்கும். உயிர் தப்பும், ஆனால் விமானம் சேதப்படலாம். கொக்கியில் சேதம் குறைவு.

4. நேரம் முக்கியம். வடத்தைத் தாண்டுமுன்னே விமானி கொக்கியை இறக்கிவிட வேண்டும். தாண்டினபின் இறக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. ஓடுபாதைக்கு அப்பால் வயலும் வீடும் ஜனங்களும் இருக்கலாமே!

அநேக விமானங்கள் ஒருதரம்கூட ஆபத்தில் கொக்கியை இறக்காமலே ஓய்வுபெறும். அந்தப் பாரத்தை வீண் என்று எந்த விமானியும் சொல்லமாட்டார். ஆகவே நாமும் நல்ல நாளிலேயே ஆயத்தமாவோம். கஷ்டம் வரும்போது, "நானே சமாளிச்சுக்கிறேன்" என்று கடைசிவரை ஓடாதிருங்கள். வடம் எட்டுகிற தூரத்தில் இருக்கும்போதே உதவி கேளுங்கள்.