மழை விட்டதும் மல்லிகைக்குக் கவாத்து, மாசியில் சம்பங்கிக் கிழங்கு

பூச்செடி வைக்க ஆசைப்படுற டெல்டா நண்பர்கள் என்கிட்ட முதல்ல கேட்கிறது, "எப்ப கவாத்து பண்ணணும்?" என்பதுதான். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் என்று கையேடுகளில் போட்டிருக்கும். மதுரைப் பக்கம் செம்மண்ணுக்கு அது சரி. நம்ம களிமண்ணில் கார்த்திகை நடு என்பது வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம். 2018இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததும் நவம்பர் 16இல்தான்.

மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை வெட்டினால்தான் துளிர், துளிர் வந்தால்தான் பூ. ஆனால் வெட்டின செடி கொஞ்ச நாள் இலையில்லாமல் நிற்கும். அப்போது அதற்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து வேரடியில் மழைத்தண்ணி நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகிப்போகும்.

பாபநாசம் பக்கம் எனக்குக் கால் ஏக்கர் மல்லிகை. ஒரு வருஷம் இரண்டு வரிசையை மட்டும் கார்த்திகையில் வெட்டிவிட்டு, மீதியை மார்கழி முதல் வாரம் வெயில் அடித்தபிறகு வெட்டிப் பார்த்தேன். முதலில் வெட்டினது முந்தித் துளிர்த்தது, உண்மைதான். அடுத்து வந்த மழையில் அந்தத் துளிரெல்லாம் இலைப்புள்ளி விழுந்து கொட்டியது. பின்னால் வெட்டினதுதான் மாசிக் கடைசியில் ஒழுங்காக மொட்டு தட்டியது. முந்தின பூவுக்குத் தஞ்சாவூர்ப் பூச்சந்தையில் நல்ல விலை, விட மனசு வராது. இருந்தாலும் பத்து நாள் விலைக்காகச் செடியைப் பணயம் வைக்கிறது எனக்குச் சம்மதமில்லை. காவிரிக் கரைப் படுகை மணல்காரங்க வேணும்னா முந்திக்கலாம்.

தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் உயரம் விட்டு வெட்டுங்க. காய்ந்தது, குறுக்கே ஓடுறது, நோய் பட்டது எல்லாம் போகட்டும். வெட்டுவாயில் கெட்டிச் சாணிப்பால் தடவுங்க. மண் புட்டுப் பதத்துக்கு வந்ததும், தூரிலிருந்து ஓரடி தள்ளிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கின தொழு உரம் போடணும். ஈரக் களியைக் கொத்தினால் செங்கல் மாதிரி இறுகிடும், அவசரம் வேண்டாம். கொத்துறதில் இன்னொரு லாபமும் உண்டு: மண்ணுக்குள் இருக்கிற மொட்டு ஈக் கூட்டுப்புழு வெயிலுக்கு வந்து சாகும். துளிர் விட்டபிறகு 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் போதும்.

சம்பங்கிக்கு வருவோம். இது மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குச்செடி. துலிப் கிழங்கு வாங்கி நடலாமா என்று சிலர் கேட்கிறாங்க. அதற்கு மூன்று மாசத்துக்கு மேல் கடுங்குளிர் வேணும், நம்ம மார்கழிப் பனியெல்லாம் காணாது. சம்பங்கிக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. ஆனால் தண்ணி தேங்கினால் தாங்காது. அதனால் மேட்டுப்பாத்தியில்தான் நடணும், பாத்திக்கு நடுவே வடிகால் இருக்கணும். மூன்று வருஷமான தூரை, மார்கழிக் குளிரில் இலை மஞ்சளாகித் தேங்கும்போது தோண்டி எடுங்க. பூத்து முடித்த தாய்க்கிழங்கை ஒதுக்கிவிட்டு, 25 முதல் 30 கிராம் எடையுள்ள பக்கக்கிழங்குகளை நிழலில் ஒரு மாசம் பரப்பி வையுங்க. குவித்து வைத்தால் அடியில் புழுங்கிடும். மாசியில் பீஜாமிர்தத்தில் நனைத்து, 45க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். கிழங்கின் தலைக்கு மேல் ஓரங்குல மண் இருந்தால் போதும்.

நம்மவர்கள் கணக்கில் விட்டுவிடுகிற ஒன்று தண்ணீர். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28இல் மூடிடும். மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் தண்ணி கேட்கிறது அதற்கப்புறம்தான். வாய்க்காலை நம்பிப் பூ வைக்காதீங்க. கிணறோ போரோ குளமோ பங்குனி, சித்திரை வரை எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் செடியை வெட்டுங்க, கிழங்கை நடுங்க. வைக்கோல் மூடாக்கு போட்டால் பாய்ச்சல் இடைவெளி கொஞ்சம் கூடும். முல்லைக்குக் கவாத்து தை நடுவில், ஜனவரி கடைசி வாரம், 45 சென்டிமீட்டர் உயரத்தில். அதற்கு மழை பயமில்லை, தண்ணிக் கணக்கு மட்டும் இதேதான்.