கியர் பாக்ஸ் சத்தம்: செலவுக்கு முன் சோதனை



சென்ற நெல் அறுவடைக்குப் பின் ஒரு சகோதரர் வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். பழைய டிராக்டர் ஒன்றை வைத்து வாடகை உழவு ஓட்டுபவர். கியர் பாக்ஸில் சத்தம். முழுவதும் பிரித்துப் பார்க்க 45,000 ரூபாய் ஆகும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். மனைவியின் நகையை அடகு வைக்கும் நிலை. விவரமறிந்த இன்னொரு மெக்கானிக் வந்து பார்த்தார். கிளட்சை மிதிக்கும்போது மட்டுமே சத்தம் வந்தது. பழுது ரிலீஸ் பேரிங்கில். வண்டியை நடுவில் பிரித்து அதை மட்டும் மாற்றினார்கள். கேட்ட தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே உழவர்கள் அறிந்திருக்க வேண்டிய சோதனைகளை வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹைட்ராலிக் கைகளை இறக்கி, இஞ்சினை அணைத்துவிட்டு அளவுக்கோலைப் பாருங்கள். மாஸ்ஸி பெர்குசன் 1035 போன்ற பழைய வண்டிகளில் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அது குறைந்தால் எல்லாமே சத்தமிடும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவு ஓட்டும் வண்டிகளில் இது உண்டு. உடனே மாற்றுங்கள்.

2. வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மைபோல நுண்ணிய தூள் ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். சில்லுகளோ, பல்லின் துண்டோ வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

3. நியூட்ரலில் இஞ்சின் ஓடட்டும். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வருகிறதா? கியர் பாக்ஸின் உள் ஷாஃப்ட் பேரிங்குகளைச் சந்தேகியுங்கள். மிதித்தால் மட்டும் வருகிறதா? ரிலீஸ் பேரிங். பெடலுக்குச் சற்று ஆட்டம் இல்லாமல் இறுக்கி வைத்தால் அது எப்போதும் உரசித் தேயும்.

4. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தப் பல்சக்கரம். எல்லாக் கியரிலும் என்றால் பேரிங் அல்லது எண்ணெய்.

5. திரும்பும்போது மட்டும் என்றால் டிஃபரன்ஷியல். ஹைட்ராலிக்கைத் தூக்கும்போது மட்டும் என்றால் பம்ப். அதற்கும் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

6. கியர் மாற்றும்போது மட்டும் கர்ரென்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை, அல்லது ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் மாற்றுகிறார். இந்தப் பழைய வண்டிகளில் பல்சக்கரங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று கோக்கும். நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

சோதிக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பி.டி.ஓ.வை அணைத்து வையுங்கள். இஞ்சின் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சத்தத்தை அடக்க கியர் பாக்ஸில் கிரீஸையும் மரத்தூளையும் போட்டு வண்டியை விற்பவர்கள் உண்டு. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டு செல்லும் நமக்கு இது விளங்காமல் போகாது. டிராக்டருக்கும் அதே சட்டம்தான். குறையைச் சொல்லி விற்றால் விலை குறையலாம், பரக்கத் குறையாது.

இனி வண்டிப் பழுதுக்குக் கடன் கோருவோர், மேற்கண்ட ஆறு சோதனைகளில் கண்டதை மனுவோடு எழுதித் தாருங்கள். கடன் நிதி பலருடைய அமானத். தேவையில்லாமல் ஒருவருக்குக் கொடுத்த ரூபாய், தேவையுள்ள இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன ரூபாய்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்