15 வயசு கார், வெறும் 31,000 கிலோமீட்டர்: வச்சுக்கலாமா, வித்துடலாமா?

அப்பா 2011-ல வாங்கின வேகன்-ஆர். ஆபீஸ் பஸ்லதான் போனார், கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். மீட்டர்ல 31,000. இப்போ உங்களுக்கு நல்ல சம்பளம் வருது, வீட்டுல "புதுசு வாங்கிடலாமே"ன்னு பேச்சு. இன்னொரு பக்கம், "புது வண்டி மாதிரி இருக்கு, இதைப் போய் விக்கிறதா?"ன்னு அம்மா.

மீட்டரை ரொம்ப நம்பாதீங்க. ஓடாத காருக்கும் வயசாகும். டயர், ஹோஸ் பைப், பெல்ட், சீல் எல்லாம் ரப்பர். நின்ன இடத்துலயே இறுகி வெடிக்கும். டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், பாருங்க. 3211-ன்னா 2011-ஆம் வருஷத்து 32-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயலையேன்னு அதுலயே ஹைவேஸ் போறவங்க நிறைய பேர். அதோட, இப்போ பங்க்ல கிடைக்கிற ஈ-20 பெட்ரோல் இந்தக் காலத்து வண்டிகளை மனசுல வச்சு வந்தது இல்ல. அதனால ஃப்யூல் லைன் ரப்பரையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது ஆர்.சி. சொந்தக் காருக்கு 15 வருஷம்தான் செல்லும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்லேயே 5,000 ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல பசுமை வரி தனி. டெல்லி மாதிரி 15 வருஷத்தோட பெட்ரோல் காரை ஓரங்கட்டுற விதி நம்ம ஊர்ல கிடையாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு அவசரமா அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

இப்போ கணக்கு. கீழே இருக்கிற தொகைகள் என் அனுமானம், உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க.

இன்னைக்கு வித்தா 1,10,000. அஞ்சு வருஷம் கழிச்சு 30,000. அப்போ மதிப்புல வருஷத்துக்கு 16,000 போகுது. டயர், பேட்டரி, பெல்ட், ஆயில் வகையறா, ஆர்.சி. எல்லாம் சேர்த்து முதல் செலவு 40,000. அஞ்சால வகுத்தா 8,000. சர்வீஸ் 9,000. இன்ஷூரன்ஸ் 3,000. ஆக, வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடாட்டியும் வருஷத்துக்கு 36,000.

இன்ஷூரன்ஸ் எப்படி 3,000-ல முடியுதுன்னு கேப்பீங்க. 1,000 சிசி வரைக்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன்ல 2,094-ன்னு நிர்ணயிச்சாங்க, ஜி.எஸ்.டி.யும் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பும் மேல சேரும். ஃபுல் கவர் எடுத்தா, 10 வருஷம் தாண்டின வண்டியோட உலோக பாகத்துக்கும், ரப்பர் பிளாஸ்டிக்குக்கும் பாதி விலைதான் கணக்குல எடுப்பாங்க. ஒரு லட்ச ரூபா காருக்கு அந்தப் பிரீமியத்தை நான் கட்டமாட்டேன்.

பெட்ரோல் கிலோமீட்டருக்கு 7 ரூபா, கால் டாக்ஸி 22 ரூபான்னு வைங்க. வித்தியாசம் 15. 36,000-ஐ 15-ஆல வகுத்தா 2,400 கிலோமீட்டர், அதாவது மாசம் 200. அதுக்கு மேல ஓட்டினா சொந்தக் கார் லாபம். 1,500 கிலோமீட்டர்தான் ஓட்டுவீங்கன்னா காருக்கு 46,500 ஆகும், டாக்ஸிக்கு 33,000-தான். அப்பா 15 வருஷத்துல 31,000 ஓட்டியிருக்கார். வருஷத்துக்கு சுமார் 2,070. புரியுதா? நீங்க அவரை விட அதிகமா ஓட்டுவீங்களான்னு நேர்மையா யோசிங்க. ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போறதை மட்டும் நம்பி கணக்குப் போடாதீங்க.

புதுக் கார்? ஆன்-ரோடு 8 லட்சம், கையில ஒரு லட்சம், மீதி 7 லட்சம் 9 சதவீத வட்டியில 5 வருஷம். இ.எம்.ஐ. 14,531, வட்டி மட்டும் 1.72 லட்சம். அஞ்சு வருஷத்துல காரோட மதிப்பு பாதியா குறையும்னு வச்சு, சர்வீஸ், இன்ஷூரன்ஸுக்கு 22,000 சேர்த்தா வருஷத்துக்கு ஏறக்குறைய 1,36,000. பழைய காரை விட ஒரு லட்சம் அதிகம். 2025 செப்டம்பர்ல சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சதுங்கிறது நிஜம்தான். ஆனா அதே காரணத்தால உங்க பழைய காருக்குப் பேரம் பேசுறவரும் குறைச்சுத்தான் கேப்பார்.

ஒரே ஒரு இடத்துல இந்தக் கணக்கு எல்லாத்தையும் நான் ஓரமா வச்சிடுவேன். எல்லாப் புதுக் காருக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனதே 2019-லதான். டிரைவர் ஏர்பேக்கும் அதே வருஷம், பக்கத்து சீட்டுக்கு 2021. 2011-ல வந்த அடிப்படை மாடல்கள்ல இது எதுவும் இருக்காது. மாசாமாசம் குழந்தையோட ஊருக்கு 300 கிலோமீட்டர் ஹைவேஸ் போறவர்னா இந்தக் காரை வச்சுக்காதீங்க. ஊருக்குள்ள மளிகை, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன்னா வேற கதை.

விக்கிறதுன்னு முடிவு பண்ணா, வரி பயம் வேண்டாம். சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்ல. லாபத்துக்கு வரியும் இல்ல, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. ஆனா பேர் மாத்துறதுல அசட்டையா இருக்காதீங்க. ஆர்.டி.ஓ. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து வழக்குல உரிமையாளர்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மறந்துட்டா, மூணு வருஷம் கழிச்சு யாரோ இடிச்சதுக்கு அப்பாவுக்கு சம்மன் வரும். கடைசித் தவணையைப் பேர் மாறின ஆர்.சி.யைக் கண்ணால பார்த்த பிறகு வாங்கிக்கிறேன்னு ஒரு சின்ன தொகையை நிறுத்தி வைங்க. வாங்குறவருக்கும் சீக்கிரம் மாத்தணும்னு தோணும்.

இன்னொண்ணு: அப்பா ஃபுல் கவர் எடுத்து க்ளெய்மே பண்ணாம இருந்தா அவருக்கு 50 சதவீதம் வரைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் இருக்கும். அது காரோடது இல்ல, அவரோடது. வித்த உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட கடிதம் வாங்கி வச்சா 3 வருஷத்துக்குச் செல்லும். புதுக் காரை உங்க பேர்ல எடுத்தா அந்தத் தள்ளுபடி கிடைக்காது, அப்பா பேர்ல எடுத்தா கிடைக்கும். ஷோரூம்ல ஃபார்ம் நிரப்புறதுக்கு முன்னாடி இதை வீட்டுல பேசிடுங்க.