அறுவைக்குப் பின் ஆறுதல்: குணமடைதலின் முதற்படி

தாணே கடற்கழியின் கிழக்குக் கரையில், நவி மும்பையின் வடபகுதியில் அமைந்துள்ளது ஐரோலி. தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டைகளில் உழைப்போர் பலர் இங்கு வாழ்கின்றனர். கழிக்கு அப்பால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வேரூன்றியுள்ளனர். இத்தகைய உழைப்பாளர் ஒருவருக்குக் குடலிறக்கத்திற்காகவோ குடல்வால் அழற்சிக்காகவோ அறுவைச் சிகிச்சை நடைபெறுமாயின், அவர் படுக்கையில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் குடும்பத்தின் வருவாயைக் குறைக்கிறது. எனவே, மயக்கம் தெளிந்தபின் அவருக்குக் கிடைக்கும் ஆறுதலை ஆடம்பரம் என ஒதுக்குதல் கூடாது. அது சிகிச்சையின் ஓர் அங்கமாகும்.

1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈத்தர் பயன்படுத்தப்பட்டதிலிருந்து நம் நாட்டில் மயக்கவியல் வளர்ந்து வந்துள்ளது. தொடக்க காலத்தில், நோயாளி உயிருடன் கண்விழிப்பாரா என்பதே முதற்கவலையாயிருந்தது. இன்று, அவர் எவ்வளவு விரைவில் எழுந்து நடப்பார் என்பதும் அதனோடு சேர்ந்துள்ளது. இதற்குத் தடையாக நிற்பவை குளிர், வலி, குமட்டல், தாகம் ஆகிய நான்கு.

குளிர்

மும்பையின் புழுக்கத்தில் குளிரா என்று வியக்கலாம். மயக்க மருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உடல் தன் வெப்பத்தைக் காக்கும் திறனைக் குறைக்கிறது. குளிரூட்டப்பட்ட அறுவை அரங்கு அதனை மேலும் மிகுவிக்கிறது. 1996இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வொன்றில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேர் ஆராயப்பட்டனர். உடல் வெப்பம் குறைந்தவர்களுள் 19 சதவீதத்தினருக்குப் புண்ணில் தொற்று ஏற்பட்டது; வெப்பம் காக்கப்பட்டவர்களுள் அது 6 சதவீதமே. வெப்பமானியும் போர்வையும் வெதுவெதுப்பாக்கிய ஊசித் திரவமும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

வலி

வலியைப் பொறுத்துக்கொள்வதே நோயாளியின் கடமை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் வயிற்று அறுவைக்குப் பின் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சுவிடாதவருக்கு நுரையீரல் அழற்சியும், நடவாதவருக்குக் கால் நரம்புகளில் இரத்தக் கட்டியும் நேரிடலாம். ஆகவே வலி கடுமையாகும் வரை காத்திராமல், பாராசிட்டமால் போன்றவற்றை மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரங்களில் தருவது நன்று. புண்ணைச் சுற்றிச் செலுத்தப்படும் மரப்பு மருந்தும் துணைபுரியும். வலியை 0 முதல் 10 வரை எண்ணால் குறிக்கச் செய்து, நாடித்துடிப்பைப் போலவே பதிவு செய்தல் வேண்டும். மராத்தியும் இந்தியும் வழங்கும் மருத்துவமனையில், தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி தம் வலியைக் கூற இயலாது தவிக்கக்கூடும். சிரித்த முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டை அவருக்கும் குழந்தைகளுக்கும் மொழியாகிறது.

குமட்டலும் தாகமும்

வாந்திக்கு ஆளாகக்கூடியவர்களை முன்னரே அறிய இயலும். ஆப்ஃபெல் என்பார் 1999இல் நான்கு அடையாளங்களை வகுத்தார்: பெண்ணாயிருத்தல், புகைபிடியாமை, முன்பு அறுவைக்குப் பின் வாந்தியோ பயணக் குமட்டலோ ஏற்பட்டிருத்தல், பின்னர் மார்பின் வகை மருந்து தேவைப்படுதல். நான்கும் உடையவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் இத்தொல்லைக்கு ஆளாவர். அத்தகையோருக்கு முன்கூட்டியே தடுப்பு மருந்து தரலாம்.

நள்ளிரவு முதல் தண்ணீரும் கூடாது என்ற பழைய வழக்கமும் மாறியுள்ளது. திட்டமிட்ட அறுவையில், பிற குறைபாடுகள் அற்றவர் இலேசான உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்பும் வரை கொள்ளலாம். எனினும் ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தை மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. செவிலியர்க்குப் பயிற்சி, படுக்கைதோறும் ஒரு பதிவுத்தாள், இரவுப் பணியிலும் தடையற்ற மருந்து வழங்கல் ஆகியவற்றை நிர்வாகம் உறுதி செய்தால் போதும். நோயாளி விரைவில் இல்லம் திரும்புவார். அடுத்தவருக்குப் படுக்கை கிடைக்கும். உழைக்கும் குடும்பத்தின் அடுப்பும் அணையாதிருக்கும்.