உதட்டுடன் நின்றுவிடக் கூடாது

உதட்டுப்பிளவுடன் ஒரு குழந்தை பிறந்ததும், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று தாயைக் கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். கிரகணம் எவருடைய வாழ்வுக்காகவும் இறப்புக்காகவும் ஏற்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தெளிவாக்கிவிட்டார்கள். அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

எப்படி உண்டாகிறது?

கருவில் முகம் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்து ஒன்று சேர்கிறது. மேலுதடு ஏறக்குறைய 4 முதல் 7 வாரங்களுக்குள் சேர்கிறது. வாயின் மேற்கூரையான அண்ணம் அதன்பின் இருபுறமிருந்தும் வளர்ந்து, 12 வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. சேராமல் நின்ற இடமே பிளவு. பரம்பரையும் சூழலும் கலந்தே இது நேர்கிறது. கர்ப்பிணி புகைத்தல், முன்பே உள்ள சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். அதற்காக மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பேச்சு ஏன் மாறுகிறது?

'ப' என்று சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது; வாய்க்குள் காற்று அழுத்தம் பெறுகிறது. க, ச, ட, த எழுத்துகளுக்கும் அப்படியே. ம, ந போன்றவற்றுக்கே மூக்கு வழி திறக்கும். அண்ணம் பிளந்திருந்தால் காற்று மூக்கில் கசிந்து, 'பாப்பா' என்பது 'மாமா' போல ஒலிக்கும். சில பிள்ளைகள் எழுத்துகளைத் தொண்டையிலிருந்தே எழுப்பப் பழகிவிடுகிறார்கள். நடுக்காதில் நீர் தேங்கிக் காது மந்தமாவதும் உண்டு. மக்தபில் பா, தா, காஃப் சரியாக வராத பிள்ளையை உஸ்தாத்மார்கள் கண்டிக்காமல், பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் செய்யலாம்.

என்ன செய்ய வேண்டும்?

மார்பில் உறிஞ்ச முடியாத குழந்தைக்கு, நிமிர்த்திப் பிடித்து, பிழிந்த தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டலாம். உதட்டு அறுவை பொதுவாக 3 முதல் 6 மாதங்களிலும், அண்ண அறுவை 9 முதல் 18 மாதங்களிலும் நடக்கும். உதடு சேர்ந்து முகம் அழகானதும், வெளியே தெரியாத அண்ணத்தைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பேச்சும் படிப்பும் அங்கேதான் தடைப்படுகின்றன. அண்ணத்தைத் தைத்த பிறகும் பழகிய தவறான உச்சரிப்பு தானாகப் போகாது. பேச்சுப் பயிற்சியும் காதுப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய, 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் இந்தக் குறைபாடும் அடங்கும். அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். வழி தெரியாவிட்டால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உடன் வருகிறோம்.